எங்க ஊர்ல நோ பார்க்கிங்!

"உங்க ஊர்ல டிராஃபிக்கா? ஏன், மாடு குறுக்க வந்துடுச்சா?"

கல்லூரியில் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வருவது சிரிப்புதான். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. போக்குவரத்துப் போலீஸ் கிடையாது. ரோட்டில் வெள்ளைக் கோடு கூட கிடையாது (இப்போது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே). திருவாரூர் மாவட்டத்தில், வாய்க்கால் கரையோரம் நாலே தெரு இருக்கிற சின்ன ஊர். அந்த ஊரில் வண்டியை எங்கே நிறுத்துவது என்கிற கேள்வியால் ஒரு வருஷம் பஸ்ஸே வராமல் போனது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பாருங்கள்.

மெயின் ரோட்டில் கைகாட்டி. அங்கே இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் வாய்க்கால் கரையிலேயே வந்தால் ஊர். நடுத்தெரு வழியாக நேராகப் போனால் பிள்ளையார் கோயில் திடல். ஒரு அரசமரம், ஒரு அடிபம்பு, பால் சொசைட்டி, ஒரு டீக்கடை. டவுன் பஸ் அந்தத் திடல் வரைக்கும் வந்து, பின்னால் எடுத்து, திரும்பிப் போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை. காலையில் 7.40, பத்தரை, சாயந்திரம் நாலரை, ராத்திரி 8.15. எங்கள் ஊரின் மொத்த டிராஃபிக்கும் இந்த நாலு தடவைக்குள் அடக்கம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. (வணிகவியல் படிக்கிற பிள்ளை, கணக்கு இல்லாமல் எப்படி எழுதுவது?) கிராமச் சாலைத் திட்டத்தில் போடுகிற தார் ரோட்டின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். வண்டிகள் குறைவாக ஓடும் இடத்தில் 3 மீட்டர்கூட உண்டு. ஒரு பஸ்ஸின் அகலம் சுமார் 2.5 மீட்டர். ஒரு சாதாரண காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். கரை ரோட்டில் ஒரே ஒரு கார் தார்மேல் நின்றால் மீதி 2 மீட்டர் சொச்சம். பஸ் போகாது. நடுத்தெருவை நானும் தம்பியும் டேப் வைத்து அளந்து பார்த்தோம். வாசல்படியிலிருந்து எதிர் வாசல்படி வரை 6 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் கார் நின்றால் 4.3 மீட்டர் மிச்சம், பஸ் தாராளமாகப் போகும். ரெண்டு பக்கமும் எதிரெதிரே நின்றால் 2.6 மீட்டர். பஸ் போகலாம், ஆனால் டிரைவர் கழைக்கூத்தாடியாக இருக்க வேண்டும் :-)

ஆக, எங்கள் ஊரில் பஸ் வருமா வராதா என்பதை முடிவு செய்வது அரசாங்கம் மட்டும் இல்லை. எதிரெதிரே நிற்கிற ரெண்டு காரும்தான்.

எழுதாத சட்டங்கள்

"கிராமத்துல ரூல்ஸே கிடையாது" என்று சொல்பவர்கள் கிராமத்தில் இருந்ததில்லை. எங்கள் ஊரில் போக்குவரத்து விதிகள் நிறையவே இருக்கின்றன, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சவ ஊர்வலம் வந்தால் எல்லா வண்டியும் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்கணும். கோயில் வாசலுக்கு நேரே வண்டி நிறுத்தக் கூடாது. வாய்க்கால் கரையில் கதிர் அறுக்கும் மெஷின் எதிரே வந்தால் பைக்காரர்தான் பின்னால் போகணும், மெஷின் போகாது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தால் ஓரமாக, மெதுவாகப் போகணும், குறுக்கே ஓட்டினால் வசவு நிச்சயம். பால் சொசைட்டி வாசலில் காலை ஆறிலிருந்து ஏழு வரை கேன் வைத்த சைக்கிளுக்குத்தான் இடம்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாருக்கும் தெரியும். மீறினால் அபராதமும் கிடையாது. "யார் வீட்டுப் புள்ளடா நீ?" என்று ஒரு கேள்வி வரும். அது போதும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த விதிகள் எல்லாமே மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடின காலத்தில் உருவானவை. அன்றைக்கு வண்டி என்றால் அது களத்திலோ, கொல்லையிலோ, மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலோ நிற்கும். தெருவில் நிற்காது. மாட்டை அவிழ்த்துக் கட்டணுமே! நிறுத்துவது ஒரு பிரச்னையாகவே இல்லாததால் அதற்கு ஒரு விதியும் பிறக்கவில்லை.

அப்புறம் கார்கள் வந்தன. எனக்கு நினைவு தெரிந்து நான் ஆறாவது படிக்கும்போது ஊரில் ரெண்டே கார். இப்போது பதினாலு. அதோடு மூணு லோடு ஆட்டோ, நாலு டிராக்டர், அதன் டிரெய்லர்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றோ ரெண்டோ பைக். பண்டிகை என்றால் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிற கார்கள் தனி. வீடுகள் பழைய வீடுகள், திண்ணை உண்டு, கார் ஷெட் கிடையாது. ஆகவே எல்லாம் தெருவில். தெருவில் இடம் இல்லாவிட்டால் திடலில்.

திடல் யாருடையது? எல்லாருடையதும். எல்லாருடையதும் என்றால் முதலில் வந்து நிறுத்துபவனுடையது. இதுதான் நடைமுறை.

பஸ் நின்ற கதை

2023 தீபாவளி சமயம். திடலில் வரிசையாகக் கார்கள். டிரெய்லர் ஒன்று வைக்கோலோடு அரசமரத்தடியில். சாயந்திர பஸ் வந்தது. டிரைவர் பின்னால் எடுக்க, கண்டக்டர் இறங்கி விசில் ஊத, பஸ்ஸின் பின்பக்கம் ஒரு காரின் பம்பரை உரசிவிட்டது. சின்ன உரசல்தான். ஆனால் கார் புதுசு. பேச்சு முற்றியது. "என் காருக்கு யாரு காசு குடுப்பா?" என்று ஒரு பக்கம். "பஸ் திரும்புற இடத்துல காரை யாரு நிப்பாட்டச் சொன்னது?" என்று ஒரு பக்கம். அரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள்.

மறுநாளிலிருந்து பஸ் ஊருக்குள் வரவில்லை. கைகாட்டியிலேயே திரும்பிப் போனது.

டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உரசினால் அவர்தான் பதில் சொல்லணும். இடம் இல்லாத இடத்தில் தினமும் நாலு தடவை சர்க்கஸ் செய்ய யார்தான் விரும்புவார்கள்?

கார் வைத்திருப்பவர்களுக்கு பஸ் வராததே கொஞ்ச நாள் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். எதிர்வீட்டு அத்தை டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அத்தைக்கு வேலைக்குப் போய் வருவது இலவசம். பஸ் நின்ற பிறகு வீட்டிலிருந்து கைகாட்டிக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், திரும்ப 20 ரூபாய். மாதம் 26 நாள் வேலை. 1040 ரூபாய். திடலில் ஓசியில் நின்ற கார்களுக்கு அத்தை மாதாமாதம் வாடகை கட்டினார் என்றுதான் இதை நான் கணக்கு எழுதுவேன்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, புறவிளைவு. நான் செய்கிற காரியத்தின் செலவு என் நோட்டில் வராமல் இன்னொருத்தர் நோட்டில் ஏறுவது. ஆலைப் புகை, சாயக் கழிவு என்றுதான் புத்தகத்தில் உதாரணம் இருக்கும். எங்கள் ஊரில் அது ஜவுளிக்கடை அத்தையின் ஆயிரத்து நாற்பது ரூபாய்.

காசு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தி, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ராத்திரி பஸ்ஸில் வருவாள். இப்போது கைகாட்டியில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் கரை ரோட்டில், விளக்கே இல்லாத இருட்டில் நடக்கணும். அவள் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. "டவுன்ல சித்தி வீட்ல தங்கிப் படிக்கட்டும்" என்று அப்பா. "இன்னும் ஒன்றரை வருஷம்தானே, கரஸ்ல முடிச்சா என்ன?" என்று இன்னொரு உறவினர். என் படிப்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்த டிரெய்லரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏன் யாரும் கேட்கவில்லை?

இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த கேள்வி.

நகரத்தில் ஒருவர் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால் வெளியே வந்து சத்தம் போடுவார்கள். போலீசுக்கு போன் போடுவார்கள். எங்கள் ஊரில் முடியாது. ஏன்? எல்லாரும் தெரிந்தவர்கள். சின்ன ஊருக்கு விதி வேண்டாம், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று சொல்கிறோமே, அது பாதிதான் உண்மை. எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதாலேயே பேச முடியாத விஷயங்கள் நிறைய.

அந்த டிரெய்லர்காரர் அறுவடைக்கு ஆள் கூப்பிடுகிறவர். பஸ் இல்லாமல் அதிகம் கஷ்டப்பட்ட வடக்குத் தெருக்காரர்கள் அவர் வயலில் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். "ஐயா, டிரெய்லரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய் நிற்க முடியுமா? இன்னொரு கார் எங்கள் பெரியப்பாவுடையது. அவரிடம் அப்பா கேட்கமாட்டார், ஏற்கெனவே வரப்புத் தகராறு ஒன்று ஆறிக் கிடக்கிறது. இன்னொரு கார் ஆசிரியருடையது. அவரிடம் யார் கேட்பது, பாதி ஊருக்கு அவர்தான் வாத்தியார்.

"யார் வீட்டுப் புள்ளடா நீ?" என்கிற கேள்வி சைக்கிள் ஓட்டுகிற பையனிடம் வேலை செய்யும். டிரெய்லர்காரரிடம் வேலை செய்யாது. அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான் பிரச்னையே.

எழுதாத விதி எப்போதும் கேட்கக்கூடியவரின் கையில் இருக்கும். கேட்க முடியாதவருக்கு அந்த விதி இல்லாத மாதிரிதான்.

நெதர்லாந்தில் ஒரு கிராமம்

இதை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் எதிர்வாதம் வைத்தான். நெதர்லாந்தில் ஹான்ஸ் மாண்டர்மன் என்று ஒரு போக்குவரத்துப் பொறியாளர் இருந்தார் (2008-ல் இறந்துவிட்டார்). அவர் சொன்னது, போர்டையும் சிக்னலையும் எடுத்துவிடுங்கள், அப்போதுதான் ஓட்டுகிறவர் போர்டைப் பார்ப்பதை விட்டு மனிதனைப் பார்ப்பார் என்று. அங்கே ஃப்ரீஸ்லாந்து பகுதியில் மக்கிங்கா என்று ஒரு சின்ன கிராமம். ஊர் எல்லையில் இங்கே போக்குவரத்துப் பலகைகள் கிடையாது என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்! ஊருக்குள் வேறு பலகை இல்லை. பக்கத்து நகரமான டிராக்டனில் பெரிய சந்திப்பு ஒன்றில் சிக்னலையே எடுத்துவிட்டார்கள். "வெள்ளைக்காரனே போர்டைக் கழட்டுறான், நீ கிராமத்துல போர்டு வைக்கணுங்கிறே" என்றான் நண்பன்.

நல்ல வாதம்தான். ரெண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் பதில் கிடைத்தது. மாண்டர்மனின் யோசனை ஓடுகிற வண்டிக்கு. ஓடுகிற வண்டிக்குள் ஒரு ஆள் இருக்கிறார், அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், யாராவது ஒருவர் நிற்கிறோம். எங்கள் ஊர் கரை ரோட்டில் மெஷினும் பைக்கும் அப்படித்தான் போகின்றன, அங்கே எங்களுக்கும் போர்டு வேண்டாம். ஆனால் நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஆள் இல்லை. அதன் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது. பூட்டிவிட்டு உள்ளே போய்த் தூங்குகிறவரிடம் எந்தப் பார்வை பேசும்? வண்டி ஓடும்போது மனிதர்கள் போதும். நிற்கும்போது ஒரு விதி வேண்டும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது

அப்புறம் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆச்சரியம், எங்கள் திடலைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 122-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, தேவையில்லாத சிரமமோ ஏற்படும் விதத்தில் எந்த வண்டியையும் விட்டுவைக்கக் கூடாது. டிரெய்லருக்கும் சேர்த்துத்தான். டிரெய்லர் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். "அது ரோடு இல்லையே, கோயில் திடல்தானே?" என்று கேட்கலாம். பொது இடம் என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. மக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும், பஸ் ஆளை ஏற்றி இறக்குகிற இடமும் அதில் சேரும்.

1989-ல் வந்த சாலை விதிகளில் எங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், வளைவு, நடைபாதை... அதில் ஒரு வரி, நிற்கிற இன்னொரு வண்டிக்கு எதிரே நிறுத்தாதே என்பது. எங்கள் நடுத்தெருவின் 2.6 மீட்டர் நினைவிருக்கிறதா? அதேதான். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இன்னும் சுவாரசியம். வண்டிப்பேட்டை என்று பழைய சொல் ஒன்று இருக்கிறதே, சில ஊர்களில் தெருப் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறதே, அது இந்தச் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. கிராம ஊராட்சி வண்டிகள் நிற்க ஒரு பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்கலாம், அப்படி அமைத்துவிட்டால் அதன் பக்கத்தில் ரோட்டோரத்தில் நிறுத்தக் கூடாது என்று தடையும் போடலாம். இந்த அதிகாரம் ஊராட்சிக்கே இருக்கிறது. நாம்தான் மறந்துவிட்டோம்.

ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லி ஊரில் யாரையும் மிரட்ட முடியாது, மிரட்டவும் கூடாது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்களை உயர்த்தினார்கள், ஹெல்மெட் இல்லை என்றால் ஆயிரம் ரூபாய். அதற்காக எங்கள் கரை ரோட்டில் ஹெல்மெட் முளைத்துவிட்டதா என்ன? போலீஸ் வராத இடத்தில் அபராதம் வெறும் எண்தான். வேறு ஏதாவது வேண்டும்.

தண்ணீருக்கு முறை உண்டே!

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்து என்றால் எல்லாரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் காரெட் ஹார்டின் எழுதியதற்கு இவர் பதில் சொன்னார். அப்படி அழிக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றுகிற கிராமங்கள் இருக்கின்றன, சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் வாய்க்கால், ஜப்பான் காடு என்று உதாரணங்களோடு எழுதினார். காப்பாற்றுகிற இடங்களில் என்ன இருக்கிறது? எல்லை தெளிவாக இருக்கிறது. விதியைப் பயன்படுத்துகிறவர்களே போட்டிருக்கிறார்கள். மீறினால் முதலில் சின்ன தண்டனை, அப்புறம்தான் பெரியது.

இதைப் படித்தபோது எனக்கு நெதர்லாந்தும் நினைவில் இல்லை, சுவிட்சர்லாந்தும் நினைவில் இல்லை. எங்கள் வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறைப் பாசனம் வைப்போம். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அடுத்ததற்கு. முறை இல்லாத நாளில் மடையைத் திறந்தால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேட்பார்கள், சின்ன ஆளும் கேட்பான். ஏனென்றால் முறை எல்லாருக்கும் தெரியும். தண்ணீருக்கு முறை வைத்த ஊர், வண்டிக்கு முறை வைக்க ஏன் யோசிக்கவில்லை?

கிராம சபையில்

2024 அக்டோபர் 2. கிராம சபை. தமிழ்நாட்டில் முன்பு வருஷத்துக்கு நாலு தடவை இருந்தது, 2022-லிருந்து ஆறு தடவை. ஆறு என்ன நாலு என்ன, எங்கள் ஊரில் நூறு நாள் வேலை அட்டைக்காரர்களைத் தவிர யாரும் வருவதில்லை. அன்றைக்கு வடக்குத் தெருப் பெண்கள் முப்பது பேர் வந்தார்கள். ஜவுளிக்கடை அத்தை லீவு போட்டுவிட்டு வந்தார்.

நான் யார் காரையும் பற்றிப் பேசவில்லை. ஒரு காகிதத்தில் திடலை வரைந்து கொண்டுபோயிருந்தேன். பஸ் திரும்ப இவ்வளவு இடம் வேணும், நடுத்தெருவில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நின்றால் இவ்வளவு மிச்சம், அவ்வளவுதான். சட்டப் பிரிவை ஊராட்சி செயலர் படித்தார், நான் படிக்கவில்லை (ஒரு பொட்டப்புள்ள சட்டம் பேசுதா என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்).

எதிர்ப்பு வந்தது. "என் வாசல்ல என் வண்டிய நிப்பாட்ட யார்கிட்ட கேக்கணும்?" என்றார் ஒருவர். "கிழக்கால வீட்டுக்காரன் நிப்பாட்டலாம், மேக்கால வீட்டுக்காரன் கூடாதுன்னா அது என்ன நியாயம்?" என்றார் இன்னொருவர். ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு வழி சொன்னது டீக்கடைக்காரர். "ஆறு மாசம் அந்தப் பக்கம், ஆறு மாசம் இந்தப் பக்கம். முறை மாதிரி." நான் ஆஸ்ட்ரம் பெயரைச் சொல்லவே தேவைப்படவில்லை.

கடைசியில் தீர்மான நோட்டில் ஏறியது இவ்வளவுதான்:

ஒன்று, நடுத்தெருவில் ஒரு பக்கம் மட்டும் வண்டி. பொங்கலுக்கும் ஆடிக்கும் பக்கம் மாறும்.

ரெண்டு, திடலில் பஸ் திரும்புகிற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்குள் எந்நேரமும் எந்த வண்டியும் கூடாது.

மூணு, டிராக்டர், டிரெய்லர், லோடு ஆட்டோ எல்லாம் பழைய களத்தில். களத்தில் மண்டிக் கிடந்த கருவேல முள்ளை ஊராட்சி வெட்டித் தரும்.

நாலு, மீறினால் முதல் தடவை சொல்வது. அடுத்த தடவை பால் சொசைட்டி போர்டில் வண்டி நம்பரை எழுதுவது. காசு அபராதம் கிடையாது.

முதன்முதலில் போர்டில் ஏறிய நம்பர் யாருடையது தெரியுமா? தலைவரின் மச்சானுடையது. எழுதியவர் டீக்கடைக்காரர். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்குத்தான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

தீர்மான நகலோடு டெப்போவில் மனு கொடுத்தோம். ஒரு அதிகாரி வந்து திடலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், சிரித்தார். கார்த்திகை மாதத்தில் பஸ் வந்தது. நாலில் மூணு. ராத்திரி 8.15 மட்டும் இன்றைக்கும் கைகாட்டியோடு சரி. கரை ரோட்டில் விளக்கு வந்தால் வருகிறோம் என்கிறார்கள். அது வேறு போராட்டம். அந்தப் பெண்ணுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இன்னும் இல்லை. ஆகவே இதை வெற்றிக் கதை என்று சொல்லமாட்டேன். முக்கால் கதை.

கோடு என்ன செய்கிறது?

சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது. அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. ஆனால் அது ஒரு காரியம் செய்கிறது. போன மாசம் வடக்குத் தெருப் பையன் ஒருத்தன், பத்து வயசு இருக்கும், அந்த டிரெய்லர்காரரிடமே போய், "ஐயா, சக்கரம் கோட்டுக்கு உள்ள இருக்கு" என்றான். அவர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

"உங்க வண்டியை எடுங்க" என்று அவன் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. கோட்டைத்தான் காட்டினான். கேட்டது அவன் இல்லை, கோடு. அவருக்கும் ஒரு பையன் சொல்லி எடுத்தோமே என்கிற அவமானம் இல்லை, கோட்டுக்காக எடுத்தார். விதி என்றால் நம்மைக் கட்டுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்க முடியாதவருக்கு விதிதான் வாய் என்பது இப்போதுதான் புரிகிறது.

2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் போனதும் கோடும் போய்விடும் என்று சிலர் பந்தயமே கட்டினார்கள். அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பை வாளியில் கொண்டுவந்து வடக்குத் தெருப் பெண்கள் கோட்டைப் புதுப்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது ஒருவர் அடித்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊருக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு விஷயம் பாருங்கள். பஸ் எங்கே திரும்புகிறது? அங்கே என்ன நிற்கிறது? அதை எடுக்கச் சொல்லக்கூடியவர் யார், சொல்ல முடியாதவர் யார்? டேப் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கள் ஊரிலும் சிரித்தார்கள்.